டேங்க் நிரம்பவில்லை, மோட்டாரும் நிற்கவில்லை: மோட்டாரைத் தூக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் வீடு பல்லடம் பக்கம். போர் (ஆழ்துளைக் கிணறு) 280 அடி. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் 1 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் 220 அடியில் நிற்கிறது. மாடியில் 1000 லிட்டர் டேங்க். முன்பெல்லாம் 40 நிமிடத்தில் நிரம்பி மோட்டார் தானாக நின்றுவிடும். இரண்டு வாரமாக மூன்று மணி நேரம் ஓடினாலும் நிற்பதில்லை, நான்தான் போய் நிறுத்துகிறேன். வந்து பார்த்தவர், "மோட்டார் தேய்ஞ்சு போச்சு, ஒன்றரை எச்.பி. போட்டுடலாம்" என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்:

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் மோட்டார் தேய்ந்ததா, போரில் தண்ணீர் குறைந்ததா, குழாய் உடைந்ததா, மேலே சென்சார் கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தவர் தண்ணீரை அளந்து பார்த்ததாகவும் நீங்கள் எழுதவில்லை. அளக்காமல் மோட்டாரைத் தூக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். 220 அடி மோட்டாரைத் தூக்கி இறக்க ஆள் கூலி தனியாக ஆகும். தூக்கும்போது நல்லா இருந்த கேபிளும் போரின் வாயில் இறக்கிய கேசிங் குழாயின் விளிம்பில் உரசிக் கிழியும். காரணம் தெரிந்த பிறகு தூக்கலாம்.

கண்டுபிடிக்கும் வரை ஒன்று செய்யுங்கள். ஆட்டோவில் விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். கையால் ஆன் செய்து, 20 நிமிடத்துக்கு மேல் ஓடவிடாமல் நிறுத்துங்கள். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர வைப்பது அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். உள்ளே பேரிங்குகளுக்கு வழுக்கல் தருவதும் பெரும்பாலும் தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்கில் ஓடினால் முதலில் பேரிங் போகும், பிறகு காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) எரியும். அப்போது அவர் சொன்னது போல மோட்டார் மாற்ற வேண்டியதுதான்! கரண்டையும் பாருங்கள். 1 எச்.பி. மோட்டார் மணிக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். தினம் 40 நிமிடம் என்றால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட்டை ஒட்டி. தினம் மூன்று மணி நேரம் என்றால் 200 யூனிட்.

முதலில் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். மோட்டார் நிற்காததற்கு இரண்டு வகைக் காரணங்கள். டேங்க் நிரம்பிவிட்டது, ஆனால் நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. அல்லது டேங்க் நிரம்பவே இல்லை. இரண்டும் வேறு வேறு நோய். 20 நிமிடம் வீதம் சில தடவை ஓட்டிய பிறகு மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், இதைப் பார்க்காமலே மோட்டாரைத் தூக்கிய வீடுகள் உண்டு. வழிந்தால் தெரியாதா என்பீர்கள். ஓவர்ஃப்ளோ குழாயை மழைநீர்க் குழாயோடு இணைத்திருந்தால் தெரியாது. தண்ணீர் சத்தமில்லாமல் தரைக்குள் போய்க்கொண்டிருக்கும்.

டேங்க் நிரம்பி வழிகிறது என்றால் பிரச்சினை சென்சாரிலோ ஸ்டார்ட்டர் பெட்டியிலோ இருக்கிறது. உங்களுடையது கம்பி சென்சாரா, மிதவையா என்று எழுதவில்லை. கம்பி என்றால், நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் ஆறே மாதத்தில் வெள்ளையாகக் கறை கட்டிவிடும். தண்ணீர் தொட்டாலும் அதற்குத் தெரியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கம்பிகளை ஒரு மக் தண்ணீரில் சேர்த்து முக்கிப் பிடியுங்கள். மோட்டார் நின்றால் வேலை முடிந்தது, செலவு ஒரு உப்புத்தாள். நிற்கவில்லை என்றால் கம்பியில் வந்து சேரும் ஒயர் முனையைப் பாருங்கள். பச்சையாகக் களிம்பு பிடித்து அறுந்திருக்கும். மிதவை என்றால் அதைக் கையால் தூக்கிப் பிடியுங்கள். பல இடங்களில் அதன் ஒயர் டேங்க்குக்குள் இறங்கும் குழாயில் சுற்றிக்கொண்டு மேலே வர முடியாமல் கிடக்கும்.

சென்சார் நன்றாக இருந்தும் நிற்கவில்லையா? கீழே வந்து சிவப்பு பட்டனை அழுத்துங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் காண்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டது. உள்ளே இருக்கும் வெள்ளி முனைகள் தீப்பொறியில் உருகி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பட்டனை அழுத்தினாலும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். எறும்பு கூடு கட்டினாலும், பல்லி நடுவில் மாட்டிச் செத்தாலும் இதே கதைதான். ஒரு வீட்டுப் பெட்டியில் வரிசையாக மூன்று பல்லி எடுத்திருக்கிறேன். மெயினை இறக்கிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டி விடுவிக்கும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. அது இரண்டு நாள் தாங்கும். காண்டாக்டரை மாற்றிவிடுங்கள், ஒயர் வரும் ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

உங்கள் விஷயம் இது இல்லை என்றே நினைக்கிறேன். 40 நிமிடம் என்ற கணக்கு மாறியிருக்கிறது என்று சொல்கிறீர்கள், அதனால் தண்ணீர்தான் குறைந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு பக்கெட்டும் கைப்பேசியில் உள்ள கடிகாரமும் போதும்.

40 நிமிடத்தில் 1000 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 25 லிட்டர். 20 லிட்டர் பக்கெட் 48 விநாடியில் நிரம்ப வேண்டும். டேங்க்குக்குள் தண்ணீர் விழும் வாயில் பக்கெட்டைப் பிடித்துப் பாருங்கள். கூடவே போருக்குப் பக்கத்திலேயே ஒரு குழாய் இருந்தால் அங்கேயும் பிடியுங்கள். கீழே நிறையவும் மேலே கொஞ்சமும் வந்தால் நடுவில் எங்கோ தண்ணீர் போகிறது. கீழே பிடிக்கும்போது உயரம் குறைவதால் சற்றுக் கூடுதலாகத்தான் வரும், அதற்கு ஏமாற வேண்டாம். பாதிக்குப் பாதி வித்தியாசம் என்றால்தான் சந்தேகம்.

இந்த இடத்தில் என் அவமானம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பீளமேட்டில் ஒரு பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டு, தனியாக வேலைக்குப் போக ஆரம்பித்த புதிது. ஒரு தோட்டத்து வீட்டில் இதே புகார். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், பகல் முழுக்க நின்று, மோட்டாரைத் தூக்கிப் போட்டோம். இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) பளபளவென்று இருக்கிறது, காயில் நன்றாக இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது, திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பாட்டி கேட்டார்: "ஏஞ்சாமி, தென்னைக்குப் போற வால்வ அடைச்சுப் பாத்தீங்களா?" டேங்க்குக்குப் போகும் லைனில் ஒரு டி போட்டு, தென்னைக்குத் தனி வால்வு வைத்திருந்தார்கள். அது முக்கால்வாசி திறந்தே கிடந்தது. அன்றிலிருந்து முதல் வேலையாக லைனில் எத்தனை கிளை இருக்கிறது என்று கேட்பேன். நீங்களும் எண்ணிப் பாருங்கள்.

கிளையும் இல்லை, கீழேயும் தண்ணீர் குறைவு என்றால், எவ்வளவு வருகிறது என்பதை விட எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். இதைத்தான் யாரும் நின்று பார்ப்பதில்லை. மோட்டாரை நான்கைந்து மணி நேரம் ஓய்வாக விட்டு, பிறகு ஆன் செய்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பக்கெட் பிடித்து விநாடியைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

முதல் பத்து நிமிடம் பழையபடி 48, 50 விநாடியில் நிரம்புகிறது. பிறகு தண்ணீர் மெலிகிறது, புஸ் புஸ்ஸென்று காற்றோடு விட்டு விட்டு வருகிறது. ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள ஆம்பியர் முள்ளும் 7 காட்டியது 5ஐ ஒட்டி இறங்கி ஆடுகிறது. இப்படி இருந்தால் மோட்டார் நல்ல மோட்டார். போரில் தண்ணீர் ஊறும் வேகம், மோட்டார் இழுக்கும் வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. ஓய்வு நேரத்தில் குழிக்குள் சேர்ந்த தண்ணீரைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறது. அதன் பிறகு ஊற ஊற எடுக்கிறது.

ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே மாதிரி மெலிதாக வருகிறது, காற்று இல்லை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு பக்கெட் என்று சீராகப் போகிறது. அப்படியானால் தண்ணீர் இருக்கிறது, மோட்டாருக்கோ குழாய்க்கோ தெம்பு இல்லை. இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், மணல் வரும் போர்களில் இது சகஜம். பம்பின் அடியில் உள்ள ஜல்லடை அடைத்திருக்கலாம். குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம். வோல்டேஜையும் ஒரு பார்வை பாருங்கள். 180க்குக் கீழே இருந்தால் மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. மோட்டார் ஓடத் துணை நிற்கும் ரன் கெபாசிட்டர் பலவீனமாகிவிட்டாலும் மோட்டார் உறுமும், ஆம்பியர் ஏறும், தண்ணீர் குறையும். கெபாசிட்டரை மாற்றிப் பார்ப்பது மலிவான சோதனை. மூன்று ஃபேஸ் மோட்டார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மின்வாரிய ஆட்கள் லைன் வேலை பார்த்துவிட்டுப் போன மறுநாளிலிருந்து தண்ணீர் குறைந்ததா? ஃபேஸ் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும், அதனால்தான் பலருக்குப் பிடிபடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிப் போடச் சொன்னால் சரியாகிவிடும்.

குழாயா, இம்பெல்லரா என்று பிரிக்க எளிய வழி காதுதான். மோட்டார் ஓடும்போது கேசிங் வாயில் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே மழை பெய்வது போலச் சத்தம் வந்தால் நடுக்குழாயில் விரிசல், தண்ணீர் மேலே வராமல் போருக்குள்ளேயே திரும்ப விழுகிறது. மோட்டாரும் எடுத்ததையே மறுபடி எடுத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும். ஆனால் ஊற்று நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் போர்களிலும் பக்கவாட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். அதனால் மோட்டாரை நிறுத்திய பிறகும் சத்தம் தொடர்கிறதா என்று கேளுங்கள். நிறுத்தியதும் கொஞ்ச நேரத்தில் அடங்கினால் குழாய்தான்.

மேலே பிரஷர் மீட்டர் மாட்ட இடம் இருந்தால் கணக்காகவே பார்த்துவிடலாம். உங்கள் பம்பின் பட்டியலில் அதிகபட்ச உயரம் 100 மீட்டர் என்று போட்டிருக்கிறது, போரில் நீர்மட்டம் 50 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே வால்வை முழுதாக அடைத்து மோட்டாரை ஓட்டினால் மீட்டர் 5 கிலோவை ஒட்டிக் காட்ட வேண்டும். 10 மீட்டருக்கு 1 கிலோ, அவ்வளவுதான் கணக்கு. 3 கிலோவோடு நின்றால் எங்கோ இழப்பு இருக்கிறது. பத்து விநாடிக்கு மேல் இப்படி அடைத்து ஓட்டாதீர்கள். பிறகு வால்வை அடைத்தபடியே மோட்டாரை நிறுத்துங்கள். முள் அப்படியே நின்றால் குழாய் நன்றாக இருக்கிறது, இம்பெல்லர்தான் தேய்ந்திருக்கிறது. முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் குழாய் ஓட்டை, அல்லது பம்போடு இருக்கும் நான் ரிட்டர்ன் வால்வு (ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாத வால்வு) பிடிக்கவில்லை.

அந்த வால்வு போனதற்கு வேறு அடையாளமும் உண்டு. ஆன் செய்ததிலிருந்து தண்ணீர் மேலே வர எடுக்கும் நேரம். ஒன்றே கால் இஞ்ச் குழாயில் 150 அடிக்கு ஏறக்குறைய 37 லிட்டர் பிடிக்கும். வால்வு நன்றாக இருந்தால் அந்தத் தண்ணீர் குழாயிலேயே நிற்கும், ஆன் செய்த சில விநாடியில் மேலே கொட்டும். வால்வு போய்விட்டால் நிறுத்தியதும் அத்தனையும் கீழே இறங்கிவிடும், மறுமுறை முதல் ஒன்றரை நிமிடம் குழாயை நிரப்பவே போகும். இறங்கும் தண்ணீர் பம்பை எதிர்த் திசையில் சுற்றவும் செய்யும். அந்த நேரத்தில் மறுபடி ஆன் செய்தால் ஷாஃப்ட் முறிய வாய்ப்புண்டு. அதனால் நிறுத்திய கையோடு ஆன் செய்யும் பழக்கம் வேண்டாம்.

இந்த வால்வினால் வரும் விசித்திரமான புகார் ஒன்று உண்டு: "ராத்திரி முழுக்க யாரும் தண்ணீர் புழங்கவில்லை, ஆனால் மோட்டார் தானாக நாலு தடவை ஓடுகிறது." டேங்க்குக்குப் போகும் குழாய் மேல் விளிம்பில் விழாமல் தண்ணீருக்குள் முங்கியிருந்தாலோ, டேங்க்கின் அடிப்பக்கமாக ஏற்றியிருந்தாலோ, டேங்க் தண்ணீர் அதே வழியாக போருக்கே திரும்பிவிடும். ஆட்டோ மறுபடி நிரப்பும், அது மறுபடி இறங்கும். இரவில் டேங்க்கிலிருந்து வீட்டுக்கு வரும் கேட் வால்வை அடைத்து, மட்டத்தில் கோடு போட்டு வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தண்ணீர் போருக்குத் திரும்புகிறது, அல்லது டேங்க் விரிசல். இறங்கவில்லை என்றால் வீட்டுக்குள் எங்கோ ஒழுகல். முதல் சந்தேகம் கழிவறை ஃப்ளஷ் டேங்க் மேல்தான். அதில் சொட்டு நீலம் நான்கு துளி விட்டு, அரை மணி நேரம் யாரும் போகாமல் பாருங்கள். கோப்பைக்குள் நீலம் தெரிந்தால் அடி ரப்பர் போய்விட்டது.

திறந்த கிணறு வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒன்று. கரையில் வைத்த மோனோபிளாக் மோட்டார், கீழே இருக்கும் தண்ணீரை 25 அடிக்கு மேல் உறிஞ்சாது. எத்தனை எச்.பி. போட்டாலும் அதே 25 அடிதான். காற்றின் அழுத்தமே 10 மீட்டர் தண்ணீரைத்தான் தாங்கும், அதிலும் குழாய் உராய்வு போக நமக்குக் கிடைப்பது 7 மீட்டர் அளவு. பழைய கிணறுகளில் பாதி ஆழத்தில் கல் திட்டு கட்டி மோட்டாரை அங்கே இறக்கி வைத்திருப்பதன் காரணம் இதுதான். சித்திரையில் மட்டம் இறங்கியதும் மோட்டார் சும்மா சுற்றும், தண்ணீர் வராது. மட்டம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வு ஒழுகுகிறது, அல்லது அந்தக் குழாயின் மூட்டிலோ, ஷாஃப்டைச் சுற்றி அடைத்திருக்கும் கிளாண்ட் கயிற்றிலோ காற்று இழுக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் சாணியைக் கரைத்து ஊற்றி ஃபுட் வால்வு ஒழுகலை அடைப்பார்கள். அன்றைய பாசனத்துக்கு அது போதும், வீட்டுக் குடிநீர்க் கிணற்றில் செய்யாதீர்கள். வால்வை எடுக்க பாழடைந்த, மூடிக் கிடந்த கிணற்றுக்குள் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே பிராணவாயு இல்லாமல் ஒருவர் விழுந்து, அவரைத் தூக்கப் போனவரும் விழுந்த கதைகள் நம் ஊர்களில் எத்தனையோ. குழாயோடு மேலே இழுத்துத்தான் வேலை பார்க்க வேண்டும்.

டேங்க்குக்கு அடியில் பிரஷர் பம்பு வைத்து, அது நிற்கவில்லை என்பவர்களுக்குச் சுருக்கமாக: உருண்டைத் தொட்டியின் காற்று முனையை ஆணியால் அழுத்துங்கள். காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது. நன்றாக இருந்தும் நிற்கவில்லை என்றால் நிற்க வேண்டிய பிரஷர் அளவை யாரோ ஏற்றி வைத்திருக்கிறார்கள். பம்பால் 2.6 கிலோதான் முடியும், சுவிட்சில் 3 கிலோ வைத்தால் அது எப்போது நிற்கும்?

இனி உங்கள் போருக்கு வருவோம். பக்கெட் சோதனையில் முதல் வகைதான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. இம்பெல்லர் தேய்வது மாதக்கணக்கில் மெதுவாக நடக்கும். 40 நிமிடம் 50 ஆகி, 60 ஆகி இருக்கும், நீங்களே கவனித்திருப்பீர்கள். இரண்டே வாரத்தில் மூன்று மணி நேரத்துக்குத் தாவியது தேய்மானம் போலத் தெரியவில்லை. ஊற்று குறைந்திருக்கும், அல்லது குழாய் விட்டிருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் புதிதாகப் போர் ஓடுகிறதா என்றும் விசாரியுங்கள்.

ஊற்று குறைந்தது என்றால் ஒன்றரை எச்.பி. போடுவது, பாத்திரத்தின் அடியில் இருக்கும் மாவை வழிக்கப் பெரிய கரண்டி வாங்குவது போல. பத்து நிமிடத்தில் காலியானது ஆறு நிமிடத்தில் காலியாகும். மீதி நேரமெல்லாம் காய்ந்து ஓடும். புது கேபிள், புது ஸ்டார்ட்டர் என்று செலவும் இழுக்கும். அதற்குப் பதில் இப்போதிருக்கும் மோட்டாருக்கே காய்ந்து ஓடினால் நிறுத்தும் ரிலேயும் ஒரு சைக்ளிக் டைமரும் போடுங்கள். 12 நிமிடம் ஓடி ஒன்றரை மணி நேரம் ஓய்வு என்று வைத்துப் பார்த்து, போர் தேறும் நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நாளுக்குப் பத்து முறை ஓடினால் 1000 லிட்டருக்கு மேலேயே ஏறிவிடும்.

அதுவும் போதவில்லை என்றால் மோட்டாரை இறக்கலாம். 280 அடி போரில் 220ல் நிற்கிறது, 260 வரை போகலாம். அடியில் 20 அடி வண்டலுக்கு விட்டுவிட வேண்டும். இறக்கினால் மோட்டாருக்குச் சுமை கூடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். சுமையைத் தீர்மானிப்பது நீர்மட்டம்தான், மோட்டார் நிற்கும் ஆழம் இல்லை. கேபிளும் குழாயும் 40 அடி கூடும், அவ்வளவே. ஆனால் நீர்மட்டமே 240 அடிக்கு இறங்கிவிட்டதென்றால், அந்த உயரத்தோடு மாடி உயரமும் சேர்த்து இந்தப் பம்பால் ஏற்ற முடியுமா என்று பட்டியலில் பார்க்க வேண்டும். அப்போதும் தேவைப்படுவது இம்பெல்லர் அடுக்கு கூடிய பம்பு. வெறுமனே எச்.பி. கூடினால் போதாது.

எப்படியும் மோட்டாரைத் தூக்க நேர்ந்தால், தூக்கிய கையோடு நான் ரிட்டர்ன் வால்வையும் நைலான் கயிற்றையும் மாற்றிவிடுங்கள், கேபிள் ஜாயின்ட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். தண்ணீர் நிரப்பும் வகை மோட்டார் என்றால் இறக்கும் முன் உள்ளே சுத்தமான தண்ணீர் ஊற்றினார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், அவசரத்தில் மறப்பார்கள். இறக்கி முடித்ததும் ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் அழியாத மையால் எழுதி வையுங்கள்: போர் ஆழம், மோட்டார் நிற்கும் அடி, நீர்மட்டம், ஓடும்போது ஆம்பியர், பக்கெட் நிரம்பிய விநாடி, தேதி. பக்கெட் சோதனையைச் செய்துவிட்டு அந்த விநாடிகளை அப்படியே எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.